சாரல் காலத்துச் சாப்பாட்டு ஜாபிதா

உணவு விடுதி ஒன்று தன் பதார்த்தங்களின் ஜாபிதாவை எத்தனை காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்னும் கேள்வி, கல்லாவில் அமர்ந்திருக்கும் முதலாளிக்கும் அடுப்பங்கரையில் நிற்கும் சரக்கு மாஸ்டருக்கும் மட்டுமே உரிய வியாபார விஷயம் என்று பலரும் கருதக்கூடும். மற்ற ஊர்களில் அது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஆனி மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து மலையடிவாரமெங்கும் சாரலைத் தூவ, பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் நீர்வரத்துப் பெற்று, அதுவரை பாதி பூட்டிக் கிடந்த தங்கும் விடுதிகளெல்லாம் திறக்கப்பட்டு, தென்காசியிலிருந்து குற்றாலம் வரையுள்ள சாலை முழுவதும் ஈரத் தலையோடு நடக்கும் ஜனங்களால் நிரம்பிவிடுகிற ஓர் ஊரில், அந்தக் கேள்வி வியாபாரத்தோடு நின்றுவிடுவதில்லை. பருவத்தை நம்பியே ஜீவனம் நடத்தும் ஊர் குற்றாலம். அந்த ஊரில் பருவம் மாறியதை அறியாமலிருப்பது உணவு விடுதிகளின் ஜாபிதா ஒன்றுதான் என்பது வருத்தத்தோடு சொல்ல வேண்டிய செய்தியாக இருக்கிறது.

பிளாஸ்டிக் உறையிட்ட பெரிய அட்டை ஒன்றைச் சப்ளையர் மேஜையின்மேல் வைத்துவிட்டுப் போகிறார். பன்னீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், காளான் மிளகு வறுவல், பிரைடு ரைஸ், நூடுல்ஸ், நான் என்று வரிசை வரிசையாக நூறு உருப்படிகளுக்குக் குறையாமல் அதில் அச்சிட்டிருக்கிறது. இதே அட்டையை மதுரைப் புறவழிச் சாலையிலும் கோயம்புத்தூர் காந்திபுரத்திலும் சென்னை வடபழனியிலும் பார்க்கலாம். சித்திரையில் பார்த்தாலும் ஐப்பசியில் பார்த்தாலும் அதில் ஓர் எழுத்துக்கூட மாறியிராது. வட இந்தியப் பதார்த்தங்களின்மீதோ சீனத்துப் பெயர் தாங்கியவற்றின்மீதோ எனக்குத் துவேஷம் ஏதும் இல்லை. அவை தத்தம் பக்குவத்தில் சமைக்கப்படும் இடத்தில் உயர்ந்த உணவுகளே. ஆனால் நூறு பண்டங்களை நாள்தோறும் புதிதாகச் சமைத்து வைத்திருப்பது எந்தச் சமையற்கட்டுக்கும் சாத்தியமில்லாத காரியம். ஆகவே வெங்காயத்தையும் தக்காளியையும் முந்திரியையும் அரைத்து வதக்கிய ஒரே கிரேவியைக் காலையிலேயே அண்டாவில் தயாரித்து வைத்துக்கொண்டு, பன்னீர் கேட்டவருக்குப் பன்னீரையும் காளான் கேட்டவருக்குக் காளானையும் அதில் புரட்டி, நிறத்திலும் காரத்திலும் சிறிது வேற்றுமை காட்டிப் பரிமாறுவதுதான் வழக்கமாகியிருக்கிறது. பெயர்கள் நூறு என்றாலும் நாக்கு அறியும் ருசிகள் நாலைந்துக்கு மேல் இல்லை.

ஜாபிதாவை மாற்றும் விஷயத்தில் இரண்டு விதமான கட்சிகள் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ புதிய பெயர்களைச் சேர்த்துப் பழையவற்றை நீக்கிக்கொண்டே இருந்தால்தான் வாடிக்கைக்காரர்களுக்குச் சலிப்புத் தட்டாது என்பது பெருநகரத்து ஆலோசகர்கள் சொல்வது. ஜனங்கள் தமக்குத் தெரிந்ததையே தேடி வருகிறார்கள், ஆகவே ஒன்றையும் தொடாமலிருப்பதே உத்தமம் என்பது அனுபவஸ்தர்களான முதலாளிகளின் வாதம். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது என்று சமரசம் பேசி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை, ஏனெனில் இரு கட்சியாரும் பார்க்கத் தவறுவது ஒரே விஷயத்தைத்தான். ஓர் உணவின் சிறப்பு எதிலிருந்து வருகிறதோ, அதைக் கொண்டுதான் அது மாற வேண்டுமா நிலைக்க வேண்டுமா என்பதை நிர்ணயிக்க வேண்டும். சமைப்பவரின் கைப்பழக்கத்திலிருந்து சிறப்புப் பெறும் பண்டத்தை ஐம்பது வருஷமானாலும் மாற்றலாகாது. மண்ணிலிருந்தும் மழையிலிருந்தும் சிறப்புப் பெறும் பண்டத்தையோ மாதந்தோறும், சில சமயம் நாள்தோறும்கூட, மாற்றியே தீர வேண்டும்.

மாற்றலாகாததற்கு உதாரணம் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. செங்கோட்டைக்கு அருகிலுள்ள பிரானூரில் 1974ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் ரஹ்மத் பரோட்டாக் கடையையும், அதை ஒட்டி அந்தச் சாலையில் பெருகியிருக்கும் கடைகளையும் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரியாக ராஜ்யங்கள் சீரமைக்கப்பட்டுச் செங்கோட்டை அன்றைய சென்னை ராஜ்யத்தோடு சேரும் வரையில், அது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்த பூமி. இரு ராஜ்யங்களுக்கும் இடையிலான எல்லை பிரானூர்ப் பக்கமாக ஓடியது. சேர்க்கைக்குப் பிறகு எல்லை மேற்கே மலைமீது ஏறிப் போய்விட்டது. ஆனால் ‘பார்டர்’ என்னும் பெயர் மட்டும் ஊரைவிட்டுப் போக மறுத்துப் பரோட்டாவோடு ஒட்டிக்கொண்டு, இன்று சென்னையிலும் கோவையிலும் பெயர்ப்பலகைகளில் ஏறியிருக்கிறது. வாழையிலையில் சிறிய, மெல்லிய பரோட்டாக்களைப் பிய்த்துப் போட்டு, அவற்றின்மேல் சால்னாவை ஊற்றி ஊறவிட்டு, பிச்சுப்போட்ட கோழியையோ காடை வறுவலையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு உண்ணும் அந்த ஆகாரத்துக்காக, அருவியில் குளித்த கையோடு ஆறேழு கிலோமீட்டர் பிரயாணம் செய்கிற குடும்பங்கள் எத்தனையோ.

அங்கே பண்டங்கள் சொற்பமாக இருப்பதை ஒரு குறையாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. அந்தச் சொற்பத்தில்தான் அதன் பலம் இருக்கிறது. மாவைப் பிசைந்து, எண்ணெய் பூசி, உரிய நேரம் ஊறவைத்து, உருண்டை பிடித்து, வீசி விரித்துச் சுருட்டிக் கல்லிலே போட்டு, வெந்ததும் அடுக்கி இரு பக்கமும் தட்டிப் பொடுபொடுக்கச் செய்யும் பரோட்டா மாஸ்டரின் கையானது, அதே காரியத்தை ஆயிரக்கணக்கான தடவை செய்ததனால் மாத்திரமே அந்த லாகவத்தை அடைந்திருக்கிறது. அவரிடம் போய், வருகிற காலாண்டில் பரோட்டாவுக்குப் பதிலாக வேறொன்றைச் செய்யுங்கள் என்று சொல்வதைக் காட்டிலும் அக்கிரமம் வேறில்லை. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில், மாலை மயங்கும் நேரத்தில் திறந்து, அல்வா ஒன்றையே விற்று, அது தீர்ந்ததும் கடையைச் சாத்திவிடுகிற சம்பிரதாயமும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஒரு பண்டத்தில் பூரணத்துவத்தை எட்டிய கடை மற்றொன்றைத் தேட வேண்டிய அவசியம் இல்லை.

மாற வேண்டியவற்றின் விஷயம் இதற்கு நேர்மாறானது. நான் நின்று நிதானித்துப் பேச விரும்புவதும் அதைப் பற்றித்தான்.

தென்காசிச் சீமை ஒரே மண்ணாலானதன்று. மேற்கே சிற்றாறும் மலையோடைகளும் பாயும் நெல்வயல்கள். அவற்றை அடுத்துத் தோட்டக்கால்கள். கிழக்கிலும் வடக்கிலும் சங்கரன்கோவில் பக்கமாகக் கம்பும் சோளமும் விளைந்துவந்த கரிசல். குற்றாலத்து மலைச்சரிவில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் காலத்திலேயே ஜாதிக்காயும் கிராம்பும் இலவங்கப்பட்டையும் வைத்துப் பயிராக்கிப் பார்த்திருக்கிறார்கள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் இன்று சீசன் காலத்தில் கடைத்தெருவில் குவிகின்றன. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் அதிகாலையில் நின்று பார்த்தால், அந்த வாரத்தில் எந்தக் கிராமத்தில் எது காய்த்திருக்கிறது என்பது தராசிலேயே தெரிந்துவிடும். அங்கிருந்து லாரிகள் மலையைக் கடந்து கேரளத்துக்குப் போகின்றன. ஆவணியில் ஓணம் நெருங்க நெருங்கக் காய்களின் விலை ஏறுவதும் ஆண்டுதோறும் நிகழ்வது. இத்தனை வளத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, மலைக் காலிபிளவரையும் குளிர்பதனப் பெட்டியில் உறைந்த பட்டாணியையும் வருஷம் முழுவதும் வாங்கிக்கொண்டிருக்கும் சமையற்கட்டை நினைக்கும்போது, கிணற்றடியில் நின்றுகொண்டு தாகத்துக்குச் சோடா தேடுகிறவனின் ஞாபகம் வராமற் போகாது.

பலாவை எடுத்துக்கொள்வோம். திருக்குற்றாலநாதர் ஆலயத்தின் தலவிருட்சம் குறும்பலா. அதற்கென்று தனியாகவே திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் பாடியிருக்கிறார். மாசி, பங்குனியில் பிஞ்சாகவும், வைகாசி, ஆனியில் பழமாகவும், அதன் பிறகு கொட்டையாகவும் மூன்று நிலைகளில் ஆகாரமாகக்கூடிய மரம் அது. பலாப்பிஞ்சைத் தேங்காய் அரைத்துவிட்டுக் கூட்டு வைக்கலாம், பலாக்கொட்டையைச் சாம்பாரிலும் போடலாம், முருங்கைக்காயோடு குழம்பும் வைக்கலாம். இவையெல்லாம் இந்தச் சீமையின் வீடுகளில் இன்றும் நடக்கிற சமையல். ஆனால் நான் பார்த்த வரையில் குற்றாலத்து விடுதிகளில் பலா என்பது சாலையோரத்தில் சுளை சுளையாக விற்கப்படும் பண்டமாக மட்டுமே நின்றுவிடுகிறது. விடுதியின் படியேறி இலைக்கு வருவதில்லை.

சிறுகிழங்கின் கதை இதைவிட வருந்தத்தக்கது. மார்கழிக் கடைசியிலும் தை மாதத்திலும் தோண்டி எடுக்கப்படும் இந்தக் கிழங்கு இல்லாமல் திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்து வீடுகளில் பொங்கல் என்பது இல்லை. மண்ணைக் கழுவி, சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோலைப் போக்கி, மிச்சத்தைச் சுரண்டி எடுப்பதற்குள் விரல்கள் கறுத்துவிடும். அவ்வளவு சிரமத்தையும் பொறுத்துக்கொண்டு பெண்கள் அதைப் பொரியல் செய்வதற்குக் காரணம், அந்த மணத்துக்கு ஈடாக வேறொரு கிழங்கு இல்லாமையே. அதே சமயத்தில் மொச்சை வருகிறது, பனங்கிழங்கு வருகிறது, சேனையும் சேம்பும் புதிதாக வருகின்றன. இவற்றையெல்லாம் ஒரு சேர உண்ணும் பாக்கியம் ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டுமே வாய்ப்பது. வெளியூரிலிருந்து அந்த வாரங்களில் தென்காசிக்கு வரும் ஒருவர், கையில் காசிருந்தும், ஒரு பிடி சிறுகிழங்குப் பொரியலைக் கடையில் வாங்கி உண்ண முடியாமல் திரும்பிப் போகிறார் என்றால் அந்த நஷ்டம் அவருக்கு மட்டும் ஆனதன்று. உண்பார் இல்லாத பயிரைக் குடியானவர் எத்தனை நாளைக்குப் போட்டுக்கொண்டிருப்பார்?

ஆகவே எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று ஆங்கில மாதங்களைக் கொண்டு கணக்கிடுவது குற்றாலத்துக்குப் பொருந்தாது. இந்த ஊரின் ஆண்டு வேறுவிதமாகப் பிரிந்திருக்கிறது. ஆனி, ஆடி, ஆவணி சாரல் காலம். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்று திரும்பியவனுக்கு உண்டாகும் பசி தனி ஜாதியைச் சேர்ந்தது. அந்தப் பசிக்கு உரியது, உளுந்தும் பூண்டும் வெந்தயமும் தேங்காயும் சேர்த்துக் குழையாமல் ஆக்கிய சூடான உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், மிளகு ரசமும், சுக்குக் காபியும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி அருவிகள் மறுபடி பெருகும். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரையில், செங்கோட்டை, ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாகச் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்தில் நீராடிச் செல்கிறார்கள். மாலையிட்டிருக்கும் அவர்களுக்குச் சைவ உணவே வேண்டும். மண்ணோ அதே சமயத்தில் கிழங்கையும் மொச்சையையும் அள்ளிக் கொடுக்கிறது. மாசியிலிருந்து வைகாசி வரை அருவி வறண்டு பிரயாணிகள் குறைந்துவிடும் காலம்; அப்போது பதநீர், நுங்கு, மாங்காய், கரிசல் நாட்டுக் கம்பங்கூழ், மோர் மிளகாய் என்று வெயிலுக்குரிய பண்டங்கள் இருக்கின்றன. ஒரு விடுதி இந்த மூன்று காலங்களுக்கும் மூன்று சிறிய ஜாபிதாக்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்குள்ளே கூட்டையும் பொரியலையும் குழம்பையும் அன்றன்றைய சந்தையைப் பார்த்து மாற்றி, ஒரு கரும்பலகையில் எழுதி வாசலில் வைத்தால் போதும். அட்டையும் வேண்டாம், அச்சும் வேண்டாம்.

இது புதிய யோசனையன்று. தென்காசியில் காசிவிசுவநாதர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் முன்பு நடந்துவந்த சிறிய சாப்பாட்டுக் கடைகளும் மெஸ்களும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தன. இன்னும் ஒன்றிரண்டு நடக்கவும் செய்கின்றன. அங்கே போய் உட்கார்ந்தவர் இன்றைக்கு என்ன கூட்டு என்று விசாரிப்பாரே தவிர, ஜாபிதாவைக் கேட்கமாட்டார். தெருவிலே மங்குஸ்தான் கூடையோடு அமர்ந்திருக்கும் அம்மாளும், சாரலில் நனைந்தபடி தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொடுக்கிறவரும் பருவத்தின் போக்கை அறிந்தே தம் சரக்கை மாற்றிக்கொள்கிறார்கள். பெரிய முதல் போட்டவர்களுக்குத்தான் அந்தச் சுதந்தரம் இல்லாமற் போயிற்று.

உலகத்தில் பெரும் கீர்த்தி பெற்ற விடுதிகளும் இந்த வழியில் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்னும் பெண்மணி 1971ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஷே பனீஸ்’ விடுதியில், அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் அன்று நன்றாக விளைந்ததைக் கொண்டு அன்றைய விருந்தை ஒரே ஜாபிதாவாக அமைத்து, மறுநாள் அதை மாற்றிவிடுவதை நியதியாகக் கொண்டார்கள். வந்தவர்கள் தாம் விரும்பியதைக் கேட்க முடியாது. அன்று இருப்பதை உண்ண வேண்டும். அப்படி இருந்தும் அங்கே இடம் கிடைப்பதே அரிதாயிற்று. நம் பக்கத்திலேயே, 1924இல் தோன்றிய பெங்களூர் மாவள்ளி டிபன் ரூம்ஸ் விடுதியார், இரண்டாம் உலக யுத்தத்தின்போது அரிசி கிடைக்காமற் போனதும் ரவையைக் கொண்டு இட்டிலி செய்து பார்த்ததாகச் சொல்கிறார்கள். தட்டுப்பாட்டில் செய்துகொண்ட அந்த மாற்றம் இன்று தென்னாடு முழுவதற்கும் சொந்தமான பலகாரமாகிவிட்டது. சந்தையில் உள்ளதற்குத் தக்கபடி சமைப்பவனுக்கு நஷ்டம் குறைவு என்பதை 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்துத் தக்காளி விலையும் எல்லோருக்கும் உணர்த்தியது. கிலோ நூறு ரூபாயைத் தாண்டி அது ஏறியபோது, மெக்டொனால்ட்ஸ் போன்ற பெரிய நிறுவனமே வட இந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் உள்ள தன் கடைகளில் தக்காளியை நிறுத்திவைக்க நேர்ந்தது. அட்டையில் அச்சிட்ட நூறு பண்டங்களில் முக்கால்வாசிக்குத் தக்காளி வேண்டியிருந்த நம் விடுதிகள் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டாம். புளியும் மோரும் எலுமிச்சையும் கொண்டு எத்தனையோ குழம்பு வைக்கத் தெரிந்த சீமை இது. புளியங்குடி எலுமிச்சையோ பக்கத்திலேயே விளைகிறது.

முதலாளிமார்களின் ஆட்சேபங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. மூன்று மாத வருமானத்தைக் கொண்டு பன்னிரண்டு மாதங்களைத் தள்ள வேண்டியவர்கள் அவர்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் தெரிந்த பெயரையே கேட்கிறார்கள் என்பதும் மெய். மலையில் பெருமழை பெய்து, அருவியில் வெள்ளம் பெருகி, குளிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டுவிட்டால் அன்றைக்கு ஆக்கிய சோறு அப்படியே மிஞ்சிப்போகும் அபாயமும் உண்டு. ஆனால் இந்தக் கடைசி ஆட்சேபம் நீண்ட ஜாபிதாவுக்குத்தான் பாதகமே ஒழியச் சிறியதற்கு அன்று. கரும்பலகையில் ஆறு பண்டங்களை எழுதியவர் மழையின் குறிப்பைப் பார்த்து மறுநாள் நான்காகக் குறைத்துக்கொள்ளலாம். அட்டையில் நூறை அச்சிட்டவர் நூறுக்கும் சரக்கு வாங்கி வைத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கு இட்டிலியும் தோசையும் என்றும் இருக்கட்டும். பேருந்து ஓட்டுநரும் மூட்டை தூக்குகிறவரும் துப்புரவுப் பணியாளரும் உண்ணும் காலைப் பலகாரத்தைச் சீசனுக்குச் சீசன் மாற்றும்படி யாரும் சொல்லமாட்டார்கள். அவர்களுக்குப் பண்டமும் விலையும் இரண்டும் ஸ்திரமாக இருப்பதே பெரிய உபகாரம். 2013ஆம் ஆண்டில் அம்மா உணவகங்கள் தொடங்கியபோது ஒரு ரூபாய்க்கு ஓர் இட்டிலி என்று ஏற்படுத்தியதில் இருந்த மேன்மை, மறுநாளும் அதே இட்டிலி அதே விலைக்குக் கிடைக்கும் என்ற நிச்சயத்தில்தான் இருந்தது.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை. சீசன் உச்சத்தில், அதிலும் சனி, ஞாயிறுகளில், சில இடங்களில் பண்டம் அதே பண்டமாக இருக்க விலை மட்டும் மாறிவிடுகிறது. மாறக்கூடாதது மாறி, மாற வேண்டியது மாறாதிருக்கிற இந்த விபரீதம் குற்றாலத்தின் நல்ல பெயருக்குத் தீராத களங்கம். கரும்பலகையில் பண்டத்தின் பக்கத்திலேயே விலையையும் எழுதிவிட வேண்டும் என்பதை நான் நிபந்தனையாகவே சொல்வேன்.

இந்த ஊரில்தான் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் கடைசிக் காலத்தைக் கழித்து 1954இல் காலமானார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்தார்கள். அவர் வீட்டு விருந்தோம்பலைப் பற்றி நண்பர்கள் பலர் ஆசையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். கவிதையையும் சங்கீதத்தையும் அனுபவிப்பதற்கு எப்படி ஒரு பக்குவம் வேண்டுமோ, அப்படியே உணவை அனுபவிப்பதற்கும் வேண்டும் என்று கருதியவர்கள் கூடிய இடம் அது. அந்த ஊருக்கு இன்று வரும் லட்சக்கணக்கான ஜனங்களுக்கு இந்தச் சீமையின் ஓர் உணவையாவது அதன் பருவத்தில், அதன் பக்குவத்தில் இலையிலிடுவது அந்தப் பரம்பரைக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் என்றே எண்ணுகிறேன்.

எஞ்சி நிற்பது ஒரே ஆட்சேபம்தான். அதுவே உண்மையில் வலுவானதும்கூட. இவற்றையெல்லாம் சமைக்க ஆள் எங்கே என்று முதலாளிகள் கேட்கிறார்கள். சீசனுக்கு வரும் சரக்கு மாஸ்டருக்குச் சிறுகிழங்கைத் தெரியாது. சொதி என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கும். ஆனால் கலியாணத்தின் மறுநாள் சம்பந்தி வீட்டாருக்குத் தேங்காய்ப் பாலில் சொதி வைத்து, இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் கூட வைத்து, ஐந்நூறு பேருக்குப் பந்தி நடத்தத் தெரிந்த கலியாணச் சமையற்காரர்கள் தென்காசியிலும் கடையத்திலும் ஆழ்வார்குறிச்சியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆண்டில் இரண்டு மாதங்கள் வேலை இல்லாத மாதங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் கிடையாது. குற்றாலத்தில் சாரலும் கூட்டமும் உச்சத்தில் நிற்பது ஆடியில். ஐயப்ப பக்தர்கள் சாரிசாரியாக வருவதும், கிழங்கு தோண்டத் தொடங்குவதும் மார்கழியில். விடுதிக்காரர்கள் ஒன்றுகூடி அந்த இரண்டு மாதங்களுக்கு மட்டும் இவர்களை ஒப்பந்தம் பேசி அமர்த்திக்கொள்ளலாம். ஆண்டுதோறும் சாரல் விழா நடத்தும் மாவட்ட நிர்வாகத்தார் அந்த விழாவிலேயே இவர்களுக்கென்று ஓர் அடுப்பு மூட்ட இடம் ஒதுக்கி முதற்பந்தியைப் போடச் செய்யலாம். வருகிற வைகாசிக்குள் பேசி முடித்துவிட்டால் ஆடிக்குப் பலகை தயாராகிவிடும்.